மணிக்கு எத்தனை ரூபாய்?

அன்புள்ள அக்கா,

பெரும்பாக்கத்தில் நண்பர்களோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நீங்கள் ஒரு கட்டுரையில் ‘வெண்பா’ என்ற வீடியோ கேமைப் பற்றிப் போகிறபோக்கில் நல்லவிதமாகச் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி வாங்கினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டயலாக்கையெல்லாம் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே காசுக்குத் தள்ளுபடியில் அறுபது எழுபது மணி நேரம் ஓடும் கேம்கள் கிடைக்கின்றன. நான் வாங்கும் ஒவ்வொரு கேமுக்கும் மணிக்கு எத்தனை ரூபாய் ஆனது என்று ஒரு எக்செல் ஷீட்டில் கணக்கு வைத்திருக்கிறேன். அதில் வெண்பாவுக்குத்தான் கடைசி இடம். சினிமா டிக்கெட்கூட இதைவிட மலிவு. குறைந்த நேரம் ஓடும் கேமுக்கு விலையும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? நல்லவேளை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்ததால் வாங்கிய ஸ்டீம் ஆன்லைன் கடையில் ரீஃபண்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பி.கு.: புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். ரிச்சி தெருவிலா, ஆன்லைனிலா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எக்செல் ஷீட் என்று படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. கோபத்துக்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி நடந்தபோது, ஒருவர் என் குறுநாவலைக் கையில் எடுத்தார். முதல் பக்கத்தைத் திறக்கவேயில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் எண்ணைப் பார்த்தார், பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக்கு இத்தனை என்று மனசுக்குள் ஒரு கணக்கு. தமிழ்ப் பதிப்பகங்களே பெரும்பாலும் பக்கத்தை எண்ணித்தான் விலை போடுகின்றன, அவரைச் சொல்லி என்ன பயன். இதில் கவிஞர்கள் பாடுதான் பரிதாபம், பாதிப் பக்கம் வெள்ளையாக விடுகிறவர்கள் அவர்கள். அன்றிலிருந்தே இந்த விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சினிமா டிக்கெட் கணக்கை விட்டுவிடலாம். ஒரு மோசமான படத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து, கொடுத்த காசுக்கு அரை மணி கூடுதலாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

காசை எண்ணிச் செலவு செய்வதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். 2021ல் சோனியின் பிஎஸ்5 பெட்டி இங்கே வந்தபோது அதற்கான பெரிய கேம்களின் விலை 4,999 ரூபாய். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், வாடகையில் பங்கு கொடுத்து, வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் ஒன்று வாங்கும்போது நாலு முறை யோசிக்கத்தான் செய்வான், யோசிக்கவும் வேண்டும். நீங்கள் யோசித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எதை வைத்து யோசித்தீர்கள் என்பதில்தான் வருத்தம்.

மணிக்கணக்கு ஒரு காலத்தில் நியாயமான கணக்காகத்தான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் வில்லிவாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. தையல் கடை காலிசெய்துவிட்டுப் போன இடம். நாலு டிவி, இரண்டு மர பெஞ்சு, வெளிச்சம் படாமல் இருக்க வாசலில் ஒரு போர்வை. ‘சாமுராய்’, ‘மீடியா’ என்று பெயர் போட்டு வந்த பெட்டிகள், எல்லாம் நின்டெண்டோவைப் பார்த்துச் செய்தவை. கேசட்டில் 9999 கேம் என்று அச்சடித்திருக்கும், உள்ளே இருபது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். ஓடவில்லையென்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் சொருக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய், அரை மணிக்கு ஐந்து.

தம்பியைத் தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயம், அதனால் நானும் கூடப் போவேன். அவனுக்கு விளையாடும் வேலை, எனக்குக் கடிகாரம் பார்க்கும் வேலை. கடைக்கார அண்ணன் ஒரு கோடு போட்ட நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் ஆரம்பித்த நேரத்தை எழுதுவார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஓடும், அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டோம். நேரம் முடிந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். எழுந்து வந்து சுவிட்சை அணைத்துவிடுவார். கான்ட்ரா கேமில் கடைசி ஆளைச் சுட்டுக்கொண்டிருந்தாலும் சரி, அணைதான். அப்போது பெஞ்சிலிருந்து வரும் ‘அண்ணா… அண்ணா…’ என்ற அலறல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அங்கே பையன்கள் எப்படி விளையாடுவார்கள் என்று பார்த்திருக்க வேண்டும் நீங்கள். திரையில் எழுத்து வந்தால் பட்டனை அடித்துத் தள்ளு. கதை வந்தால் தள்ளு. மரியோ ஒரு கட்டத்தை முடித்தபின் மிச்ச நேரமெல்லாம் புள்ளியாக டிக்டிக்கென்று ஏறுமே, அதைப் பார்க்கக்கூடப் பொறுமை இருக்காது, ‘சீக்கிரம் போடா’ என்று டிவியைப் பார்த்துக் கத்துவார்கள். ஐந்து ரூபாய் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா. என் தம்பி வருடக்கணக்கில் அந்தக் கடையில் விளையாடியவன், ஒரு கேமில்கூட யார் யாரை எதற்காகச் சுடுகிறார்கள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும். பெண்பிள்ளைகள் விளையாடலாம் என்று அந்தக் கடையில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். ஆனால் எனக்கு மீட்டர் ஓடவில்லை. நாலு டிவியையும் பின்னாலிருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிகள் தள்ளிவிட்டதையெல்லாம் நான்தான் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

அந்தக் கடையில் நாங்கள் வாங்கியது நேரம். அதனால் நேரத்தை எண்ணினோம். நீங்கள் வாங்கியது ஒரு கேம். யாரும் வந்து சுவிட்சை அணைக்கப் போவதில்லை. அந்த அண்ணனின் கோணல் கடிகாரத்தை எதற்காகப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள்?

கடிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வசதிக்குத்தான் ஓடும். 1978ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தது, 1980ல் பேக்மேன். காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள். நீங்கள் எவ்வளவு சீக்கிரம் தோற்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த காசு விழும். அதனால் போகப்போகக் கஷ்டமாக்கி ஆளைத் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வாங்கிப்போகும் காலம் வந்ததும் அதே தொழில் தலைகீழாகத் திரும்பி, எங்கள் கேம் இத்தனை மணி நேரம் ஓடும் என்று கூவ ஆரம்பித்தது. 2022 ஜனவரியில் டையிங் லைட் 2 கேமைச் செய்த டெக்லேண்ட் நிறுவனம், எங்கள் கேமை முழுசாக முடிக்க 500 மணி நேரம் ஆகும், கிட்டத்தட்ட வார்சாவிலிருந்து மாட்ரிட்டுக்கு நடந்துபோகிற நேரம் என்று பெருமையாக அறிவித்தது. நம் கணக்கில் சென்னையிலிருந்து கிளம்பினால் டெல்லியைத் தாண்டியே போய்விடலாம். பாராட்டு வரும் என்று நினைத்தார்கள், வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் பிடித்துத் திட்டிவிட்டார்கள். உடனே, கதை மட்டுமென்றால் 20 மணி நேரம்தான் என்று சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த மணி நேரங்களை எதை வைத்து நிரப்புகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், உங்கள் ஷீட்டில் முதலிடத்தில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். வரைபடம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வேலை. இந்த முகாமைப் பிடி, அந்தக் கோபுரத்தில் ஏறு, முப்பது இறகு பொறுக்கு. இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 2018ல் வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிசியில், சீக்கிரம் லெவல் ஏறுவதற்கென்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ஒரு பூஸ்ட் விற்றார்கள். அதைச் செய்த நிறுவனம் இப்படிப்பட்டவற்றுக்கு வைத்திருக்கும் பெயரே டைம் சேவர். முதலில் நேரத்தை உங்கள் தலையில் கட்டி அதற்கு ஒரு விலை, அப்புறம் அதே நேரத்தைக் குறைத்துத்தர இன்னொரு விலை! இந்த இரண்டாவது காசை உங்கள் ஷீட்டில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

குறைந்த நேரம் ஓடியும் நன்றாக இருந்தவை என்று ஒரு பட்டியல் நீளமாகப் போடலாம். 2007ல் வந்த போர்ட்டல் மூன்று நாலு மணி நேரம்தான், 2012ல் வந்த ஜர்னி இரண்டு மணி நேரம். 60 டாலர் வாங்கிக்கொண்டு ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்த தி ஆர்டர் 1886 பற்றி 2015ல் பெரிய சண்டை நடந்தது, அதையும் நீங்கள் என் முன்னால் எடுத்துப்போடலாம். போடுங்கள். எனக்கு அந்த ஐந்து மணி நேரமே அதிகமாகப் பட்டது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது ரீஃபண்டுக்கு வருகிறேன். கடிதத்தில் கடைசி வரியில் வைத்தால் கண்ணில் படாது என்று நினைத்தீர்களா?

ஸ்டீமில் அந்த விதி 2015 ஜூனில் வந்தது. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல விதி. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, ஆரம்பித்த பத்தே நிமிஷத்தில் பிடிக்கவில்லை, விளம்பரத்தில் காட்டியது வேறு உள்ளே இருப்பது வேறு, இப்படி வாங்கி ஏமாந்தவர்களுக்காக வைத்த கதவு அது. ஓசியில் கேம் விளையாட இது வழியல்ல என்று அந்த விதியிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கேமை முடித்தவரா முடிக்காதவரா என்று அந்தக் கதவு பார்ப்பதில்லை. அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் சின்ன கேம்களைச் செய்கிறவர்கள் மட்டும் இதில் அடிவாங்குகிறார்கள். 2021ல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் திகில் கேம்கள் செய்துவந்தவர், நிறையப் பேர் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், அடுத்ததைச் செய்யக் கையில் காசில்லை என்று சொல்லி, தொழிலை விட்டே ஒதுங்குவதாக அறிவித்தார். அவருடைய கேமும் இரண்டு மணி நேரத்துக்குள்தான் முடியும்.

சாப்பிட்டு இலையை மூடிவிட்டு, கல்லாவில் போய் காசைத் திருப்பிக் கேட்பீர்களா ஆர்.? கேட்கமாட்டீர்கள், உங்களை அப்படி வளர்த்திருக்க மாட்டார்கள். திரைக்குப் பின்னால் ஆள் இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் கூச்சமில்லாமல் கேட்டுவிட்டீர்கள். பெரிய நிறுவனத்தைச் சாமர்த்தியமாக வென்றுவிட்ட மாதிரி ‘நல்லவேளை’ என்று வேறு எழுதுகிறீர்கள். வெண்பா டொரன்டோவில் விசை கேம்ஸ் என்ற பெயரில் ஒரு சின்னக் குழு செய்தது. 2023 ஜூலையில் வந்தது, அமெரிக்க விலை 15 டாலர். 2024ல் பிரிட்டனின் பாஃப்டாவில் அறிமுக கேமுக்கான விருது வாங்கியது. விருதை விடுங்கள். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மா, இட்லிப் பானையையும் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டையும் வைத்துக்கொண்டு அல்லாடுவதை யாராவது கேமாகச் செய்வார்கள் என்று வில்லிவாக்கம் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா?

இதில் காசை விட எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? நீங்கள் டயலாக்கைத் தள்ளியதில். ஓரக்கண்ணால் இரண்டு மணி நேரக் கெடுவைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறீர்கள். அந்தக் கேமில் செய்வதற்கு இருப்பதே கொஞ்சம்தான். நோட்டில் பாதி அழிந்துபோயிருக்கும், மாவையும் தட்டையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டை அடுக்கத் தெரிந்தவர்களுக்கு அது நொடி வேலை. குழிக்கு மேல் குழி வந்தால் கீழ்த்தட்டு இட்லி நசுங்கும், ஒரு தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். தெரியாதவர்கள் தப்பாக அடுக்கி, இட்லி சப்பையாகி, மறுபடி செய்வார்கள். பின்னால் ரேடியோவில் பாட்டு ஓடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துச் சினிமாப் பாட்டின் சாயலில் இந்தக் கேமுக்காகவே போட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்காரலாம், ஒன்றும் தீயாது. நான் உட்கார்ந்தேன். நடுவில் மகனும் அம்மாவும் பேசிக்கொள்வதுதான் முழுக் கதையும், அவன் தமிழில் பதில் சொல்வதைத் தவிர்த்துத் தவிர்த்துப் போவதைத்தான் நீங்கள் பட்டனை அடித்துத் தள்ளியிருக்கிறீர்கள். அப்புறம் எதை விளையாடினீர்கள்?

உங்கள் கேள்வியை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்த விலை சரியாகப் பட்டது. உங்களுக்கு அதிகம் என்று பட்டால் தள்ளுபடி வரும்வரை பொறுத்திருந்து வாங்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை, நானும் பாதி கேம்களை அப்படித்தான் வாங்குகிறேன். அறுபது மணி நேரக் கேம்தான் பிடிக்கும் என்றால் அதையே விளையாடுங்கள், யார் தடுத்தது. ஆனால் வெண்பாவைத் தள்ளுபடியிலாவது மறுபடி வாங்கிவிடுங்கள். விளையாடாவிட்டாலும் பரவாயில்லை.

கிராபிக்ஸ் கார்டுக்கு ரிச்சி தெருவே போங்கள். நாலு கடையில் விலை கேட்கலாம், ஆன்லைனில் அது முடிந்தாலும் பேரம் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், மயங்காதீர்கள், வாரண்டிக்கு அலையும்போது தெரியும். பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பார்த்து, சீரியல் நம்பரை பில்லில் எழுதி வாங்குங்கள்.