எழுத்துக்கூட்டும் போட்டியில் எது நியாயம்?

கேள்வி: அமெரிக்காவில் நடக்கும் ஸ்கிரிப்ஸ் ஸ்பெல்லிங் பீ போட்டியில், நன்கு படித்த பெரியவர்களே கேள்விப்படாத சொற்களை எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளிடம் கேட்கிறார்களே, இது நியாயமா? (வாசகி ஒருவர், திருச்சி)

பதில்: 1925இல் இந்தப் போட்டி தொடங்கியபோது வெற்றியைத் தீர்மானித்த சொல் ‘கிளாடியோலஸ்’ என்னும் பூவின் பெயர், 1940இல் அது ‘தெரபி’. இன்றைய போட்டியாளர்களுக்கு இவையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அகராதியையே கரைத்துக் குடித்துவிட்டு வரும் பிள்ளைகளால்தான் சொற்களின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 2019இல் இருபது சுற்றுகள் முடிந்த பிறகும் எட்டுப் பேர் பிழையின்றி நின்றதால், அவர்களைத் திணறடிக்கும் சொற்கள் தீர்ந்துகொண்டிருப்பதாக நடத்துபவர்களே ஒப்புக்கொண்டு எட்டுப் பேருக்கும் பட்டம் கொடுத்தார்கள்.

ஆகவே, ஒரு சொல் அரியது என்பதாலேயே அநியாயமாகிவிடாது. சொல்லின் பொருள், இலக்கண வகை, பிறந்த மொழி ஆகியவற்றைக் கேட்டறியப் போட்டியாளருக்கு உரிமை உண்டு. கிரேக்கச் சொல் என்று தெரிந்தால் ‘எஃப்’ ஒலிக்கு ‘பி, எச்’ போடலாம் என்று ஊகிக்க முடியும். 2021இன் இறுதிச் சொல் ‘முர்ரயா’, நம் கறிவேப்பிலையை உள்ளடக்கிய தாவரப் பேரினத்தின் பெயர். ஆட்பெயரிலிருந்து வந்த இத்தகைய சொல்லுக்கு மொழி விதிகள் கைகொடுக்காது என்றாலும், அன்று வென்ற சிறுமி அந்தச் சொல்லுக்குள் ‘முர்ரே’ என்ற நகைச்சுவை நடிகரின் பெயர் இருக்கிறதா என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டுச் சரியாகவே எழுத்துக்கூட்டினாள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 2013இன் வெற்றிச் சொல் ‘க்னேய்டல்’. யூதர்கள் சூப்பில் போடும் ஒருவகை உருண்டை. இது எபிரேய எழுத்தில் எழுதப்படும் இத்திஷ் மொழிச் சொல். போட்டிக்குரிய மெரியம்-வெப்ஸ்டர் அகராதிப்படி ‘கே, என், ஏ, ஐ, டி, இ, எல்’ என்று சொன்ன சிறுவன் வென்றான். இத்திஷ் ஆய்வுக்கான யிவோ நிறுவனத்தின் முறையிலோ அது ‘கே, என், இ, ஒய், டி, எல்’. ‘ழ’கரத்தை ஆங்கிலத்தில் எழுதத் தமிழர்கள் நாமே ஆளுக்கொரு வழி வைத்திருக்கும்போது, இப்படிப்பட்ட ஒலிபெயர்ப்பில் ஒன்றை மட்டும் சரியென்று கொள்வது அகராதியின் வசதியே தவிர மொழியின் நியதி அன்று. இத்தகைய சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்பதே என் கருத்து.

அதிர்ஷ்டமும் ஒரு பங்கு வகிக்கிறது. ஒரே பிழையில் வெளியேற்றும் போட்டியில், பக்கத்தில் நிற்பவருக்கு எளிய சொல்லும் நமக்குக் கொடிய சொல்லும் வாய்க்கலாம். எஞ்சியவர்கள் ஒரே பட்டியலிலிருந்து 90 விநாடிகளில் எத்தனை சொற்களைச் சரியாகக் கூட்டுகிறார்கள் என்று பார்க்கும் முறை, 2022இல் முதன்முதலாகப் பயன்பட்டபோது, இந்தக் குறையைக் கொஞ்சம் தணித்தது. அதே ஆண்டு சொற்பொருள் சுற்றில் ஒரு சிறுமி தவறான விடை சொன்னதாக வெளியேற்றப்பட்டாள். அவளுடைய விடையும் பொருந்தும் என்று நடுவர்கள் மறுபரிசீலனை செய்து மீண்டும் சேர்த்துக்கொண்ட பிறகு, அந்த 90 விநாடிகளில் 22 சொற்களைச் சரியாகச் சொல்லி அவளே பட்டத்தையும் வென்றாள்.