டீக்கடைக்காரர் இரண்டு முறை செத்த ஊர்

கேள்வி: ஒரே கற்பனை ஊரை வைத்துப் பல எழுத்தாளர்கள் கதை எழுத முடியுமா? குழப்பம் வராதா?

முடியும். குழப்பமும் வரும். எங்களுக்கு வந்தது.

நான் இருப்பது கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கம். சில வருடங்களுக்கு முன் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ‘ஈட்டிக்கொம்பு’ என்று ஒரு ஊரை உண்டாக்கினோம். (மங்களங்கொம்பு என்று ஒரு ஊர் நிஜமாகவே இங்கே உண்டு, அந்தச் சாயலில் வைத்த பெயர்.) ஆளுக்கு ஒரு கதை, எல்லாம் அந்த ஊரிலேயே நடக்க வேண்டும், ஒரே நோட்டில் எழுதிக் கைமாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. வேறு விதி எதுவும் வைக்கவில்லை. நண்பர்களுக்குள் விதி எதற்கு என்ற நினைப்புதான்.

முதல் சண்டை உறைபனியால் வந்தது. நான் காப்பிப் பழம் பறிக்கிறவர்களை வைத்து எழுதியிருந்தேன். மன்னவனூர்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த நண்பர், அதே ஊரில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகியதாக எழுதிவிட்டார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற உயரத்தில் அப்படி உறைபனி எங்கே விழும்? அது மேல்மலைச் சங்கதி. ஊர் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதையே நாங்கள் பேசி வைக்கவில்லை. அடுத்தது குறிஞ்சி. ஒருவர் கதையில் பூத்தது. மூன்று வருடம் கழித்து நடக்கும் இன்னொருவர் கதையிலும் பூத்தது. பன்னிரண்டு வருடக் கணக்கு அவருக்குத் தெரியாதா என்ன? காதல் காட்சி வந்ததும் கை தானாகப் பூக்க வைத்துவிட்டது.

இதெல்லாம் அடித்துத் திருத்தக்கூடியவை. சின்னாண்டி விஷயம் அப்படியில்லை.

சின்னாண்டி என் ஆள், டீக்கடைக்காரர். எல்லாருடைய பாத்திரங்களும் பஸ் வரும்வரை உட்கார ஒரு பெஞ்சு வேண்டுமே என்று அவரை வைத்தேன். ஒரு நண்பர் அவரைக் காட்டுமாடு முட்டிச் சாகடித்தார். அந்தப் பக்கங்களைப் படிக்காமலேயே, நால்வரில் ஒருவரான ஆசிரியை அவரை நெஞ்சுவலியில் சாகடித்தார். இரண்டு சாவுக்கும் ஊரே திரண்டு வந்து அழுதது. நான் இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை. சிரிப்பு வருகிறது இப்போது. அன்று வரவில்லை.

அப்புறம்தான் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் லவ்கிராஃப்ட் என்ற திகில் கதைக்காரர் கற்பனைத் தெய்வங்களையும் இல்லாத நூல்களையும் உண்டாக்கி, நண்பர்களும் அவற்றைத் தங்கள் கதைகளில் பயன்படுத்த விட்டார். 1935-இல் ராபர்ட் பிளாக் என்ற 18 வயதுப் பையன், லவ்கிராஃப்டையே ஒரு பாத்திரமாக்கிக் கதையில் கொன்றார். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டுதான். பதிலுக்கு லவ்கிராஃப்ட் ‘ராபர்ட் பிளேக்’ என்று ஒருவரைப் படைத்து அடுத்த கதையிலேயே தீர்த்துக்கட்டினார். சரி, இவர்கள் விளையாட்டுக்காரர்கள். 1979-இல் ராபர்ட் ஆஸ்ப்ரின் ‘தீவ்ஸ் வேர்ல்ட்’ என்ற தொகுப்பு வரிசையைத் தொடங்கியபோது, ஒரே நகரத்தை வைத்துப் பலர் எழுதினார்கள். அங்கே விதி இருந்தது: பிறர் பாத்திரத்தை எடுத்து ஆளலாம், ஆனால் கொல்லக்கூடாது, அடியோடு திருத்தி வேறு ஆளாக்கவும் கூடாது. சின்னாண்டிக்கு இது தெரிந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

ஆனால் எனக்கு உதவியது இது இரண்டும் இல்லை, நம் அகப்பாட்டு. குறுந்தொகையின் 401 பாடல்களைச் சுமார் 200 புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அதில் குறிஞ்சித் திணையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் அதே மலை, அதே தினைப்புனம், கிளி ஓட்டும் பெண், நடுச்சாமத்தில் வரும் தலைவன், வெறியாடும் வேலன். நிலமும் பொழுதும் முதற்பொருள், பயிரும் பறவையும் தெய்வமும் கருப்பொருள் என்று ஊரைப் பற்றிய பேச்சு முன்பே முடிந்துவிட்டது. எங்களுடைய காப்பி–உறைபனிச் சண்டை அங்கே வராது. அதைவிடப் பெரிய சூட்சுமம் பெயரில் இருக்கிறது. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். அகத்தில் யாருக்கும் பெயர் சூட்டக்கூடாது. தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். கபிலர் பாட்டில் தலைவன் வருகிறான், இன்னொருவர் பாட்டில் வராமலே போகிறான். இரண்டும் மோதுவதில்லை, ஏனென்றால் அது ஒரே ஆள்தான் என்று யாரும் சொல்லவில்லை. இதை இலக்கண மரபு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, இது பலர் ஒன்றாக எழுதுவதற்கான ஏற்பாடாகவும் இருக்கும் என்று தோன்றவில்லை. இது என் ஊகம்தான், புலவர்கள் அடிக்க வர வேண்டாம்.

நோட்டை மறுபடி எடுத்தோம். முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதினோம். ஊர் 1,300 மீட்டர் உயரம். காப்பி, மிளகு, மலைவாழை. நாளைக்கு இரண்டு பஸ். மேலே குறிஞ்சி பூத்தது 2006, 2018, அடுத்து 2030. பெயர்களை எல்லாம் அடித்துவிட்டோம். இப்போது டீக்கடைக்காரர், கண்டக்டர், பெரிய வீட்டு மருமகள் என்றுதான் எழுதுகிறோம். ஆளுக்கு நாலைந்து கதை சேர்ந்துவிட்டது, சண்டை குறைந்திருக்கிறது.

போன மாதம் நோட்டு என் கைக்கு வந்தது. காட்டுமாட்டை ஏவிய நண்பரின் புதுக் கதையில் டீக்கடைக்காரர் லேசாகக் காலை இழுத்து நடக்கிறார். எந்த டீக்கடைக்காரர் என்று நான் கேட்கவில்லை.