ரோஸ் கலர் அடுக்கு – கடிதம்

வணக்கம் சார்,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. திருச்சியில் சொந்த வீடு, மொட்டை மாடியில் எழுபது தொட்டி. எல்லாமே சிவப்பும் இளஞ்சிவப்பும்தான். ஏன் என்று கேட்காதீர்கள், மஞ்சள் பூ வாங்கினால் இரண்டு மாதத்தில் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன். செம்பருத்தியில் மட்டும் ஒன்பது வகை. பன்னீர் ரோஜா, இட்லிப்பூ, அரளி, டேபிள் ரோஸ், காகிதப்பூ எல்லாம் உண்டு. எங்கள் பகுதியில் பதினொரு பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அன்று பூத்ததைக் காலையிலேயே படமெடுத்துப் போட்டுவிடுவோம். அந்தச் சந்தோஷத்தில் நாள் ஓடிவிடுகிறது. ‘இந்த வயசில் பூ படம் போட்டுக்கொண்டு’ என்று மகன் சிரிக்கிறான்.

என் கேள்வி இதுதான். இளஞ்சிவப்புப் பூ படத்தில் அப்படியே வருகிறது. சிவப்பு மட்டும் இதழே தெரியாமல் அப்பிவிட்டாற்போல் வருகிறது. ஏன்? இன்னொன்று, காகிதப்பூ பூவே இல்லை, இலை என்று குழுவில் ஒருவர் சண்டை பிடிக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. என்னிடம் இளஞ்சிவப்பில் ஓர் அடுக்குச் செம்பருத்தி இருக்கிறது. குழுவில் வேறு யாரிடமும் இல்லை. இரண்டு பேர் குச்சி கேட்டுவிட்டார்கள். ‘இப்போது வெட்டினால் செடி தாங்காது’ என்று ஆறு மாதமாகத் தள்ளிப்போடுகிறேன். எல்லோர் வீட்டிலும் அதே பூ இருந்தால் படம் போடுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. தப்பா?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை வீட்டுப் பின்புறம் செம்பருத்தியைக் கவாத்து செய்துகொண்டிருந்தேன். வெட்டிய குச்சி ஒரு கை நிறையச் சேர்ந்துவிட்டது. குப்பையில் போட மனம் வராமல் வாளித் தண்ணீரில் நிற்கவைத்துவிட்டு, இதை யார் தலையில் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டே உள்ளே வந்தால் உங்கள் கடிதம். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் கேமராக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

அதை முதலில் முடித்துவிடுகிறேன். போன் கேமரா வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்காகத்தான் பிடிக்கிறது. வெயிலில் சிவப்புப் பூவை எடுத்தால் சிவப்புக்கான பங்கு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். மடிப்பு, நரம்பு எல்லாமே வழிகிற அளவுக்கு நிரம்பினால் எதுவும் தனியாகத் தெரியாது. ரோஸ் கலர் பூவில் மூன்று பங்கும் கலந்திருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. வெயில் ஏறுமுன் எடுங்கள், அல்லது குடை பிடித்து நிழலாக்கி எடுங்கள். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். போதும்.

காகிதப்பூ விஷயத்தில் அந்த நண்பர் சொல்வது முக்கால்வாசி சரி. நிறமாகத் தெரிவது இலைதான், பூவடிச் செதில் என்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக ஒரு சின்னக் குழல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் பூ. ஆனால் இதற்காகக் காலை நேரத்தில் சண்டை போடுகிறவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். காகிதப்பூ, டேபிள் ரோஸ், அந்திமந்தாரை, கோழிக்கொண்டை இந்த நான்கின் சிவப்பும் பீட்ரூட்டில் இருக்கிற சாய வகையைச் சேர்ந்தது. செம்பருத்தி, ரோஜாவின் சிவப்பு வேறு வகை. ஒரு செடியில் ஒரு வகை இருந்தால் மற்றது இருக்காது. இதைக் குழுவில் போட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

மகன் சிரித்தால் சிரிக்கட்டும். புது ஷூ வாங்கினால் அவரும் படம் போடுகிறவர்தானே.

‘இளஞ்சிவப்பு’, ‘இளஞ்சிவப்பு’ என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். புடவைக் கடையில் போய், ‘இளஞ்சிவப்பில் எடுத்துப் போடுப்பா’ என்று ஒருநாளாவது சொல்லியிருப்பீர்களா? ரோஸ் கலர் என்பீர்கள். அதிலும் ராணி கலரா, தாமரை கலரா, வெங்காயத்தோல் கலரா என்று சொன்னால்தான் கடைப்பையன் சரியான கட்டை இறக்குவான். எழுத உட்கார்ந்ததும் பாடப்புத்தகம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது! உங்கள் அடுக்கு எந்த ரோஸ்? அதைப் பற்றி ஒரு பத்தியே எழுதியும் எனக்கு அந்தப் பூ கண்ணில் வரவில்லை.

இனி உறுத்தல். அதைச் ‘சின்ன’ உறுத்தல் என்று கடைசியில் ஒதுக்கியிருக்கிறீர்கள். தப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தப்புதான்.

அந்தச் செடி உங்களிடம் எப்படி வந்தது? நர்சரியில் காசு கொடுத்து வாங்கினேன் என்பீர்கள். நர்சரிக்காரருக்கு எப்படி வந்தது? நாளைக் காலையில் படம் எடுத்த பிறகு அதிலிருந்து ஒரு பூவைப் பறித்து மடியில் வைத்துப் பிரியுங்கள். ஒற்றைச் செம்பருத்தி என்றால் நடுவில் ஒரு தண்டு நீண்டிருக்கும், அதைச் சுற்றி மஞ்சள் பொட்டுகளாக மகரந்தப் பைகள். அடுக்கில் அந்தத் தண்டைத் தேட வேண்டும். ஒவ்வொரு இதழாக எடுத்துக்கொண்டே போனால், உள்ளே குட்டை இதழ்கள் சிலவற்றின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். இதழாக மாற ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்ட மகரந்தத்தாள் அது. அடுக்கு என்பதே அப்படி வந்ததுதான். மகரந்தமெல்லாம் இதழாகப் போய்விட்டால் விதைக்கு எங்கே போவது? நம் வீட்டுச் செம்பருத்தியில் ஒற்றையே காய் பிடிப்பது அபூர்வம், அடுக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காட்டிலும் இந்தச் செடி தானாக முளைத்துக் கிடப்பதில்லை. 1753இல் லின்னேயஸ் என்ற தாவரவியலாளர் இதற்குச் சீன ரோஜா என்ற பொருளில் பெயர் வைத்தபோதே இது வீட்டுச் செடிதான். எங்கே பார்த்தாலும் யாரோ நட்டது.

அப்படியென்றால் கணக்குப் போடுங்கள், வங்கியில் இருந்தவர்தானே. எங்கோ ஒரு செடியில் அடுக்குப் பூ வந்திருக்கிறது. யாரோ பார்த்து ஒடித்து நட்டிருக்கிறார். அவரிடம் ஒருவர் கேட்க, இவர் கொடுத்திருக்கிறார். அவரிடம் இன்னொருவர். குச்சியிலிருந்து வருவது புதுச் செடி இல்லை, பழைய செடியின் கைதான். ஒரே உடம்பு இத்தனை ஊர்களில், இத்தனை வீடுகளில் நின்றுகொண்டிருக்கிறது. உங்கள் மாடி வரைக்கும் வந்த இந்த வரிசையில் ஒரே ஒருத்தர் ‘இப்போது வெட்டினால் செடி தாங்காது’ என்று சொல்லி நின்றிருந்தால், அந்தத் தொட்டியில் நீங்கள் இன்று கீரை வைத்திருப்பீர்கள்.

கொடுத்தவர் பெயர் எதிலும் நிற்பதும் இல்லை. காகிதப்பூவின் புகன்வில்லா என்ற பெயர் 1767இல் ரியோ டி ஜெனீரோவுக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல் பயணத்தின் தலைவருடையது. அங்கே செடி சேகரித்தவர் கொமெர்சோன் என்ற தாவரவியலாளர். அவருக்கு உதவியாக, பெண் என்று தெரியாமலிருக்க ஆண் வேடத்தில் கப்பலேறியவர் ழான் பாரே. உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பெயரில் ஒரு செடி நிலைக்க 2012 ஆயிற்று. அதுவும் கத்தரி இனத்துச் செடி.

செடி தாங்காதாம்! செம்பருத்தி வேலிக்கு வைக்கிற செடி. ஆடு மேய்ந்துவிட்டுப் போனால் இரண்டு பங்காகத் தழைக்கும். பூ வருவதே புதுக்கிளையில்தான். ஆறு மாதமாக வெட்டாமல் வைத்திருந்தால் உங்களுக்குத்தான் பூ குறையும். கேட்டு வாங்கின செடி வராது, திருடி வைத்தால்தான் வரும் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டில்லையா? உங்களைப் போன்றவர்களால் வந்த நம்பிக்கை அது.

ஒரு குச்சிக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றும். சொல்கிறேன்.

1978. எனக்கு ஒன்பது வயது. மாயவரத்தில் கூட்டுக் குடும்பம், வீட்டில் பதின்மூன்று பேர். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன அம்மா, மண்டபத்துக்குப் பின்வீட்டில் ஒரு ரோஸ் கலர் அடுக்கைப் பார்த்துக் குச்சி கேட்டு வாங்கியிருக்கிறாள். வாழைமட்டையில் சுற்றி, தாம்பூலப் பையில் தேங்காய்க்கு அடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். கிணற்றடியில் நட்டாள், வந்துவிட்டது. வெங்காயத்தோலில் பால் கலந்தாற்போல ஒரு ரோஸ். இதழ்களின் அடியில் மட்டும் குங்குமச் சிவப்பு. சாயங்காலம் சுருண்டு விழுந்தால் நனைந்த கைக்குட்டை மாதிரி கிடக்கும்.

பாட்டி சாமிக்குச் சிவப்பு ஒற்றையைத்தான் எடுப்பார். செம்பருத்தியைத் தலையில் வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாமிக்கும் போகாமல் தலைக்கும் ஏறாமல், அந்த வீட்டில் எதற்கும் ஆகாத ஒரே பொருள் அந்தப் பூ. அதனாலேயே அது அம்மாவுடையதாக இருந்தது. காலையில் தண்ணீர் இறைக்கும்போது வாளியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்ப்பாள். வேறு எதற்காகவும் அவள் நின்று நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டில் டீச்சரம்மா தனியாக இருந்தார். ஒருநாள் குச்சி கேட்டார். அம்மா உங்களைப் போல ஆறு மாதம் தள்ளவில்லை. மறுநாள் காலையே இரண்டு குச்சி வெட்டினாள். கொல்லையில் வெந்நீர் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நான் குளிக்கிறதற்காக அடுப்புப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா மூடியை நகர்த்திவிட்டுக் குச்சிகளின் அடியை அண்டாவில் முக்கினாள். இருபது எண்ணுகிற நேரம் இருக்கும். எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரத்துணி சுற்றி என்னிடம் நீட்டினாள். ‘டீச்சர்ட்ட குடுத்துட்டு வா.’ என் முகத்தைப் பார்க்கவில்லை.

டீச்சரம்மா வாசல் பக்கத்தில் நட்டு, வெயில் படாமல் தென்னங்கீற்றைச் சாத்தினார். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு செம்புத் தண்ணீர், வந்ததும் ஒரு செம்பு. ஒரு வாரத்தில் அடி கறுத்துவிட்டது. தினமும் குந்தி உட்கார்ந்து, உள்ளே பச்சை இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறிப் பார்ப்பார். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் மேலே கீறுவார். கீறல்கள் ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனதை எங்கள் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து வந்து, ‘துளிர்க்கவே இல்லைங்க’ என்றார். ‘செம்பருத்தி எல்லாருக்கும் வராது டீச்சர், கைராசி வேணும்’ என்றாள் அம்மா. டீச்சரம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் அவரிடம்தான் ஐந்தாம் வகுப்பு படித்தேன். சொல்லவில்லை.

1991இல் பாகம் பிரித்தபோது கிணற்றடி சித்தப்பா பங்கில் போயிற்று. அவர் அங்கே கழிப்பறை கட்டினார். ஒரு குச்சி எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அம்மா அப்போது ஊரில் இல்லை. தெருவில் வேறு யாரிடமும் அந்த ரோஸ் இல்லை. இருக்க வழி ஏது? அப்புறம் அவளுக்கு அது கிடைக்கவே இல்லை. புனே ஹைப்ரிட் என்று தட்டு அகலத்துக்குப் பூக்கிற செடிகளை வாங்கிக் கொடுத்தேன். ‘பெரிசா இருக்கு’ என்பாள், அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் ஒருநாள் அந்த வெந்நீர் அண்டாவைப் பற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, ‘அது அவ்ளோ சூடாவா இருந்துச்சு?’ என்றாள்.

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. பதின்மூன்று பேர் வீட்டில் அவளுக்கென்று ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு செடி. அதைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு எழுபது தொட்டி, ஓய்வூதியம், சொந்த மாடி. அம்மாவுக்குக் கொடுத்த தள்ளுபடியை உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்.

படம் போடுவதை நிறுத்தாதீர்கள். எல்லோரிடமும் அதே பூ இருந்தால் என்ன இருக்கிறது என்கிறீர்கள். அப்போதுதானே பேச்சே ஆரம்பிக்கும்? உங்கள் மாடியில் காலை வெயில், அவர் மாடியில் மேற்கு வெயில். ஒரே செடி இரண்டு வீட்டில் எப்படிப் பூக்கிறது என்று பார்க்க உங்களுக்கு ஆசை வரவில்லையா?

மழை பிடித்ததும் வெட்டிவிடுங்கள். பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், நான்கு கணு. மாவுப்பூச்சி வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தாலும் அந்தக் கிளை வேண்டாம். ஆளுக்கு ஒன்று கொடுக்காதீர்கள், நான்கு கொடுங்கள், இரண்டு போய்விடும். இலையை எடுத்துவிட்டால் எது மேல் எது கீழ் என்று வாங்குகிறவருக்குக் குழப்பம் வரும், அதனால் அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் துளிர் வந்துவிட்டதென்று பிடுங்கி இடம் மாற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். குச்சிக்குள் இருக்கிற சத்திலேயே துளிர் முதலில் வந்துவிடும், வேர் பிறகுதான்.

எந்த ரோஸ் என்று மறக்காமல் எழுதுங்கள். இதழின் அடியில் குங்குமச் சிவப்பு உண்டா என்றும்.