வரவுசெலவுத் தாளையும் பிள்ளைகளிடம் கொடுங்கள்

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் தமிழ் இளையோர் குழு ஒன்றை நடத்துகிறேன். பூர்வகுடி இளையோரையும் சேர்த்து ஊருக்கு ஏதாவது செய்யச் சிறு நிதி கிடைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளோ பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான 40 மணி நேரச் சமூக சேவை முடிந்ததும் வருவதில்லை. நில ஒப்புகை (இது பூர்வகுடிகளின் நிலம் என்று நிகழ்ச்சித் தொடக்கத்தில் சொல்வது) வாசிக்க வந்த பூர்வகுடி அமைப்பினரும் மறுபடி கூப்பிட்டபோது வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நிகழ்ச்சியை நீங்களே முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் ஆள் கூப்பிடுகிறீர்கள்.

ஒன்ராறியோவின் வடக்கே அட்டவாபிஸ்காட் என்று க்ரீ பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்று. டீசல் கசிந்து கெட்டுப்போன மண்ணில் இருந்த பள்ளியை 2000-இல் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தற்காலிக அறைகளில் படித்தார்கள். 2008-இல் ஷானன் கூஸ்டாச்சினும் எட்டாம் வகுப்புத் தோழர்களும் நயாகரா சுற்றுலாவை விட்டுவிட்டு, ஒட்டாவாவுக்குப் போய் அமைச்சரைப் பார்த்துப் பள்ளி கேட்டார்கள். கிடைக்கவில்லை. நாடெங்கும் மற்றப் பள்ளிப் பிள்ளைகள் அவர்களுக்காக அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். 2010-இல், 15 வயதில், ஷானன் சாலை விபத்தில் இறந்துபோனாள். 2012-இல் நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2014-இல் பள்ளி திறந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

சுற்றுலாவை விடுவது என்பது பிள்ளைகளே எடுத்த முடிவு. கடிதம் எழுதியவர்களும் அவர்களுக்குத் துணையாகத்தான் நின்றார்கள். உங்கள் பிள்ளைகளுக்கான இடம் அதுதான்.

முதல் இரண்டு மூன்று மாதம் எந்தத் திட்டமும் வேண்டாம். நீங்கள் அந்தப் பூர்வகுடி அமைப்பினரின் இடத்துக்குப் போங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். மூத்தவர் ஒருவரை அழைப்பதானால் முறை என்னவென்று முதலில் கேளுங்கள். அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களிடம் சிறு துணியில் முடிந்த புகையிலையைக் கொடுத்துக் கேட்பது வழக்கம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப் பழகிய நமக்கு இது புரியாததில்லை. மதிப்பூதியம், பயணச் செலவு இரண்டையும் வரவுசெலவில் முதல் வரியாக எழுதுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளின் கதையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். போரைப் பற்றி நம் பிள்ளைகளிடமும் அப்படித்தான். தானாக வந்தால் வரட்டும்.

பிறகு வரவுசெலவுத் தாளை இரு தரப்புப் பிள்ளைகள் முன்னாலும் விரித்து வையுங்கள். திட்டமிடும் கூட்டங்களையும் சேவை மணியில் சேர்க்க முடியுமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. அந்த விடுதிப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015-இல் வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி இரண்டும் புதிதாகக் குடியேறியவர்களைப் பற்றியவை. அதனால்தான் 2021 முதல் குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகள் இடம்பெறுகின்றன. நம் பெற்றோர் பலர் அதற்கு முன்பே உறுதிமொழி எடுத்தவர்கள். அந்த வரிகளின் பொருளைப் பிள்ளைகள் அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆனால் அவர்கள் கூடைப்பந்துதான் வேண்டும் என்று சொன்னால், சரி, காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.