51 சதவீத வாக்கு, 14 இடம்: அட்டவணை சரிதானா?

கேள்வி: 1953 தெற்கு ஆஸ்திரேலியத் தேர்தல் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். தொழிற்கட்சிக்கு ஏறத்தாழ 51 சதவீத வாக்கும் 14 இடமும், லிபரல் கண்ட்ரி லீகுக்கு 36 சதவீத வாக்கும் 21 இடமும் என்று அட்டவணை சொல்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை, அப்படியே எழுதலாம். மொத்தம் 39 தொகுதிகள். மீதி 4 இடங்கள் சுயேச்சைகளுக்கு. அந்த மார்ச் 7 தேர்தலுக்குப் பிறகும் லீகின் தலைவர் தாமஸ் பிளேஃபோர்டே பிரிமியராக, அதாவது மாநில முதல்வராக, தொடர்ந்தார்.

காரணம் தொகுதிப் பங்கீடு. 39-இல் 26 கிராமப்புறத் தொகுதிகள். அடிலெய்ட் நகரத்துக்கு 13 மட்டுமே. மாநில மக்களில் பாதிக்கு மேல் அந்த நகரத்தில்தான் இருந்தார்கள். அதனால் நகரத் தொகுதி ஒன்றில் இருந்த வாக்காளர் எண்ணிக்கை, சிறிய கிராமத் தொகுதியைப் போலப் பல மடங்கு. தொழிற்கட்சிக்கு நகரத்தில் குவிந்த வாக்குகள் கூடுதல் இடமாக மாறவே இல்லை. இதைப் பிளேஃபோர்டின் பெயரால் 'பிளேமாண்டர்' என்கிறார்கள். ஆனால் இந்தப் பங்கீட்டுக்கான சட்டம் வந்தது 1936-இல், ரிச்சர்ட் பட்லர் ஆட்சியில். பிளேஃபோர்ட் 1938-இல்தான் பதவிக்கு வந்தார். இதை உங்கள் கட்டுரையில் தவறாமல் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 51-ஐயும் 36-ஐயும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். அவை முதல் விருப்ப வாக்குகள், அதாவது வாக்காளர் வேட்பாளர்களை வரிசைப்படுத்தும்போது முதலிடம் தந்தவை. அந்தக் காலத்தில் வெல்ல வழியில்லாத தொகுதிகளில் இரு கட்சிகளுமே பலமுறை ஆளை நிறுத்தவில்லை. சில தொகுதிகளில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. அங்கெல்லாம் ஒரு கட்சியின் ஆதரவு கணக்கில் ஏறாமல் போய்விடும். அதனால் அடுத்தடுத்த விருப்பங்களையும் விடுபட்ட தொகுதிகளையும் சேர்த்து மதிப்பிட்ட இருகட்சிக் கணக்கைப் பாருங்கள். அதில் தொழிற்கட்சிக்குச் சுமார் 53 சதவீதம். 15 புள்ளி இடைவெளி 6 ஆகச் சுருங்குகிறது. இருந்தும் அநீதி அநீதிதான். பெரும்பான்மை ஆதரவு பெற்ற கட்சி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது.

அப்புறம், 1962 முடிவையும் பக்கத்தில் வையுங்கள். இருகட்சிக் கணக்கில் தொழிற்கட்சிக்கு 54 சதவீதம், 19 இடம், லீகுக்கு 18. இரண்டு சுயேச்சைகளின் ஆதரவில் பிளேஃபோர்ட் மறுபடியும் தப்பினார். 1965-இல் ஃபிராங்க் வால்ஷ் தலைமையில் தொழிற்கட்சி 21 இடங்களை வென்ற பிறகே பிளேஃபோர்டின் ஆட்சி முடிந்தது. 1953 தற்செயல் அல்ல என்று காட்ட இந்த வரிசையே போதும்.