முப்பரிமாண ஸ்கேன் தப்பாக அளக்கிறதா? கேளுங்கள்

கேள்வி: தட்டையான தகட்டை ஸ்கேன் செய்தால் மெல்லிய அலை அலையாக வருகிறது. ஸ்மூத்திங் (மேடுபள்ளத்தை மென்பொருளில் சமப்படுத்துவது) எவ்வளவு வைக்கலாம்?

பதில்: ஸ்மூத்திங்கைத் தொடாதீர்கள். முதலில் அலையை எண்ணுங்கள். ஸ்கேனரின் புரொஜெக்டர் பாகத்தின் மேல் வெளிச்சப் பட்டைகளை விழவைக்கும்; அவற்றை நகர்த்தி நகர்த்திப் படம் எடுப்பார்கள். மூன்று படங்கள் எடுக்கும் முறையில், விழும் பட்டை ஒன்றுக்கு மூன்று மேடு இருந்தால் குற்றவாளி புரொஜெக்டர்தான். பாதி வெளிச்சம் கேட்டால் அது சரியாகப் பாதி தருவதில்லை. அதனால் சைன் அலையாக விழ வேண்டிய பட்டை கோணிக்கொண்டு விழுகிறது. நூறு தடவை எடுத்துச் சராசரி பார்த்தாலும் போகாது, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே தப்பு. புரொஜெக்டரின் காமாவை, அதாவது கேட்ட வெளிச்சத்துக்கும் தரும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவைத் திருத்துங்கள், அல்லது படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

கேள்வி: பளபளக்கும் உலோகத்தில் ஓட்டை ஓட்டையாக வருகிறது.

பதில்: மேட் ஸ்ப்ரே (பளபளப்பை மறைக்கும் பூச்சு), மெல்லிசாக. பூச்சுக்கும் தடிமன் உண்டு. தண்டின் விட்டம் அந்தத் தடிமனைப் போல இரண்டு மடங்கு கூடும், துளையின் விட்டம் அதே அளவு குறையும்.

கேள்வி: கருப்புப் பாகத்துக்கு?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: காலையில் சரியாக இருந்த அலுமினியப் பாகம் மதியம் பெரிதாகக் காட்டுகிறது. கேலிப்ரேஷன் (ஸ்கேனரின் அளவுத் திருத்தம்) போய்விட்டதா?

பதில்: பாகமே பெரிதாகியிருக்கும். அலுமினியம் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் நீளும். 500 மி.மீ. பாகம் 30 டிகிரியில் இருந்தால், அளவுக்கு அடிப்படையான 20 டிகிரியில் இருப்பதைவிட 0.115 மி.மீ. கூடுதல். ஸ்கேனரையும் சூடேற விட்டு, அப்புறம் கேலிப்ரேஷன் செய்யுங்கள்.

கேள்வி: பெஸ்ட் ஃபிட் (ஸ்கேனை மூல வடிவத்தோடு மொத்தமாக முடிந்தவரை நெருக்கமாகப் பொருத்துவது) போட்டால் எல்லாம் பச்சையாக, அதாவது அளவுக்குள் வருகிறதே, அது போதாதா?

பதில்: போதாது. ஒரு பக்கம் 0.3 மி.மீ. வளைந்திருந்தால், பெஸ்ட் ஃபிட் பாகத்தையே லேசாகச் சாய்த்து அந்தத் தப்பை எல்லாப் பக்கமும் பங்குபோட்டுவிடும். பாகம் எந்த முகத்தில் உட்காருமோ, எந்தத் துளையில் பூட்டுமோ, அவற்றை வைத்துப் பொருத்துங்கள்.

கேள்வி (இன்னொருவர்): சிலைக்கு ஏது அப்படி ஒரு முகம்? எல்லாருக்கும் ஒரே விதி சொல்கிறீர்கள்.

பதில்: ஒப்புக்கொள்கிறேன், சிலைக்கு பெஸ்ட் ஃபிட்தான் வழி. ஆனால் கேட்டவர் கையில் இருப்பது சிலை இல்லையே! பூட்ட வேண்டிய பாகத்துக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை.

கேள்வி: அலை வருகிறது, ஸ்மூத்திங் எவ்வளவு...

பதில்: முதல் பதில்.