தோலுக்கு அடியில் ஒரு கன்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

செயற்கைத் தோல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் உயிரித் தொழில்நுட்பம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் மனிதத் தோல் செல்களை வளர்த்து, மூலிகைக் களிம்புகள் எரிச்சல் தருமா என்று பார்க்கிறோம். ஒரே களிம்புக்கு ஒரு வாரம் 80 விழுக்காடு செல்கள் பிழைக்கின்றன, மறுவாரம் 45 என்கிறது கருவி. "இதெல்லாம் தோலா? ரத்தக்குழாய்கூட இல்லையே" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அடுத்த மாதம் கருத்தரங்கில் 'விலங்குகளற்ற ஆய்வு' என்று போஸ்டர் வைக்கப்போகிறோம். இந்தத் தோல் விலங்குச் சோதனையை முழுவதுமாக ஒழித்துவிடும் என்று நம்பலாமா?

ரேவதி

அன்புள்ள ரேவதி,

முழுவதும் ஒழியுமா என்பதற்கு ஆரூடம் சொல்ல என்னால் ஆகாது. ஒவ்வொரு சோதனையாகத்தான் ஒழிகிறது. முயலின் முதுகை மழித்து, 0.5 மில்லி மருந்தைத் தடவி, 4 மணி நேரம் கட்டிவைத்து, 14 நாள் வரை சிவப்பையும் வீக்கத்தையும் பார்க்கும் முறை 1944-இல் அமெரிக்க நச்சியலாளர் டிரெய்ஸ் வகுத்ததிலிருந்து வந்தது. எரிச்சல் என்ற அந்த ஒரு கேள்விக்கு மனிதத் தோல் மாதிரியே போதும் என்று 2010-இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) தன் 439-ஆம் சோதனை வழிகாட்டியை வெளியிட்டது. அழகுசாதனங்களை விலங்குகள்மேல் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடைசெய்தது. இது போதாது, ஆனால் சிறிய விஷயமும் அல்ல.

நண்பர்களின் கேலியைப் பொருட்படுத்தாதீர்கள். எரிச்சல் முதலில் தொடுவது மேல்தோலை. அந்தச் சோதனைக்கு ரத்தக்குழாய் வேண்டியதில்லை. ஒவ்வாமையைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன்.

80-உம் 45-உம் வருவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் மூலிகையைத்தான். உயிருள்ள செல்தான் மஞ்சள் எம்டிடி சாயத்தை ஊதாவாக்க வேண்டும், கருவி அந்த ஊதாவைத்தான் அளக்கிறது. தாவரச் சாற்றிலுள்ள பாலிஃபீனால்களுக்குச் செல்லே தேவையில்லை, அவையே அந்த வேலையைச் செய்துவிடும். கழுவியபின் தோலில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் செத்த திசு உயிருள்ளதாகத் தெரியும். ஒரு வாரம் நன்றாகக் கழுவியிருப்பீர்கள், மறுவாரம் அவசரம். 50 விழுக்காடும் அதற்குக் கீழும் போனால் எரிச்சலூட்டி என்பது விதி. உங்கள் களிம்பு அந்தக் கோட்டின் இருபுறமும் தாவுகிறது. இதைச் சரிபார்ப்பது எளிது. திசு இல்லாமல் வெறும் எம்டிடி கரைசலில் களிம்பைப் போட்டு ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வையுங்கள். நிறம் மாறினால், உறையவைத்துக் கொன்ற திசுவிலும் அதே களிம்பைத் தடவி, அங்கே வரும் அளவைக் கழிக்க வேண்டும். மஞ்சள் போன்ற நிறமுள்ள சாறு என்றால் நிறத்துக்கென்று தனியாக ஒரு ஒப்பீட்டுச் சோதனை வேண்டும். இதைச் செய்யாமல் போஸ்டருக்கு ஓடுவது என்ன அவசரம், அம்மா?

இனி அந்தத் தலைப்பு. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். தோலின் உள்ளடுக்குச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட்டை வளர்க்கும் மீடியத்தில், அதாவது ஊட்டக் கரைசலில், என்ன ஊற்றுகிறீர்கள்? 500 மில்லிக்கு 50 மில்லி கருக்கன்றுச் சீரம், இல்லையா? சினைப்பசுவை வெட்டும்போது கருப்பையிலிருக்கும் கன்றின் இதயத்தில் ஊசியைக் குத்தி எடுக்கும் ரத்தத்திலிருந்து வருவது அது. இதயம் ஊசி ஏறும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கருவைத்தான் எடுக்கிறார்கள். ஒரு முயலைக் காப்பாற்றிவிட்டு, இந்தக் கன்றைப் பாட்டிலில் வைத்துக்கொண்டு 'விலங்குகளற்ற' என்று கொட்டை எழுத்தில் எழுதக் கூடாது. உங்களிடம் தீய நோக்கம் இல்லை என்று தெரியும். பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மேல்தோல் செல்லான கெரட்டினோசைட்டின் மீடியம் சீரம் இல்லாதது என்பீர்கள். அதோடு வரும் சின்னக் குப்பியைப் பாருங்கள், மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறு என்று இருக்கும். அது இல்லாத, ஒவ்வொரு கூறும் வரையறுக்கப்பட்ட மீடியமும் கிடைக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்டைப் பதித்து வளர்க்கும் கொலாஜன் ஜெல் எலியின் வாலிலிருந்து வருகிறது. எரிச்சல் சோதனைக்கு மேல்தோல் மட்டும் போதும் என்றால் அந்த ஜெல்லும் ஃபைப்ரோபிளாஸ்டும் எதற்கு? 0.4 மைக்ரான் துளையுள்ள பாலிகார்பனேட் சவ்வின்மேல் கெரட்டினோசைட்டுகளை விதைத்து, ஒட்டியபின் மேலே காற்றும் கீழே மீடியமுமாக விட்டால் இரண்டு வாரத்தில் தோலின் மேற்புறத்துக் கடின அடுக்கான கொம்படுக்கு உருவாகிவிடும். செல்களைத் தட்டிலிருந்து பிரித்தெடுக்கும் டிரிப்சின் நொதியும் பன்றியிலிருந்து வருவதுதான், விலங்கின்றித் தயாராகும் மறுசேர்க்கை நொதிக்கு மாறுங்கள். டிரிப்சினை அடக்க ஒரு சொட்டு சீரம் விடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். சோயா தடுப்பானைச் சேர்த்து, சுழற்றி எடுத்தால் போதும். சீரத்தில் கால்சியம் இருக்கிறது. பெருகவேண்டிய கெரட்டினோசைட்டுகள் அதைக் கண்டதும் முதிரத் தொடங்கிவிடும், பிறகு அடுக்குகள் ஒரே சீராக எழாது. சீரம் பேட்ச் மாறினால் தோலும் மாறும். உங்கள் 80-க்கும் 45-க்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம்.

ஃபைப்ரோபிளாஸ்ட் கட்டாயம் வேண்டுமென்றால் சீரத்துக்குப் பதிலாக மனிதப் பிளேட்லெட் லைசேட், அதாவது ரத்தத் தட்டுகளை உடைத்தெடுத்த சாறு, இருக்கிறது. ரத்த வங்கியில் பிளேட்லெட் பைக்கு ஆயுள் ஐந்து நாள், அதன்பின் நோயாளிக்கு ஏற்றமாட்டார்கள். உரிய நெறிமுறை அனுமதியோடு அந்தப் பைகளைக் கேட்டு வாங்கலாம். உறையவைத்து உருக்குவதைச் சிலமுறை செய்து, சுழற்றி, தெளிவை எடுத்தால் லைசேட். 5 விழுக்காடு போதும். இங்கும் ஒரு பொறி உண்டு. அதிலுள்ள ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜென் மீடியத்தின் கால்சியத்தோடு சேர்ந்து பாட்டிலையே கூழாக்கிவிடும். அதைத் தடுக்கப் பெரும்பாலும் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் சேர்க்கிறார்கள். ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது! வாசல் வழியாக அனுப்பிய விலங்கு கொல்லை வழியாக வந்து நிற்கும். அதனால் லைசேட்டில் முன்கூட்டியே கால்சியம் குளோரைடு சேர்த்து உறையவிட்டு, அந்தக் கட்டியை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். செல்களை ஒரே நாளில் புதிய மீடியத்துக்கு மாற்றாதீர்கள், செத்துப்போகலாம். முதல் முறை செல்களைப் பிரித்துப் புதுப் பாட்டிலில் விடும்போது பழைய மீடியம் முக்கால் பங்கு, அடுத்து பாதி, பிறகு கால் என்று இறக்குங்கள்.

இவ்வளவும் ஒரு மாதத்தில் முடியாது. அதனால் போஸ்டரின் தலைப்பை 'முயலின்றித் தோல் எரிச்சல் சோதனை' என்று மாற்றுங்கள். கீழே மீடியத்தில் இருக்கும் ஒவ்வொரு விலங்குப் பொருளையும் பெயர், விழுக்காடு, பேட்ச் எண்ணோடு அச்சிடுங்கள். கொன்ற திசுவில் வந்த எண்களையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.